சாலம்மாளின் அடுப்பு

1944ஆம் வருஷம் புரட்டாசி அமாவாசைக்கு மறுநாள், திங்கட்கிழமை காலையில் சாலம்மாள் ராசிபுரத்தை விட்டுப் போனாள். சேலம் பஸ் ஏழரை மணிக்குக் கிளம்ப வேண்டியது. யுத்த காலம், பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாயைக் கட்டி, அதில் கரியைப் புகைய விட்டு, அதிலிருந்து வருகிற கேஸில் வண்டியை ஓட்டினார்கள். கேஸ் சேரும் வரைக்கும் கிளீனர் ஒரு கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அன்று முக்கால் மணி நேரம் சுற்றினார். அந்த முக்கால் மணி நேரமும் சாலம்மாள் மடியில் ஒரு துணி மூட்டையோடு, கடைவீதி முழுவதும் பார்க்கும்படி ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரேயடியாகப் போய்விட வேண்டும் என்று கிளம்புகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

பஸ் கம்பெனி பிட்டர் நாச்சிமுத்து ஜன்னலருகே வந்து நின்றார்.

"மூக்கையாச்சும் கழட்டி எடுத்துக்கிட்டு வந்திருக்கலாமில்லீங்க அக்கா? ரெண்டே போல்ட்டுதானுங்களே."

"உலையில இருக்கறதத் திருடிக்கிட்டுப் போனா வெளங்குவனா சாமி?"

"நீங்க செஞ்சதுங்க அது."

"செஞ்சா?" என்றாள் சாலம்மாள். அதற்குள் கேஸ் பிடித்து வண்டி நகர்ந்துவிட்டது.

மூக்கு என்று அவர்கள் சொன்னது ஒரு கேஸ் பர்னர். கரியைக் கொட்டி ஊதுகிற கொல்லன் உலைக்குப் பதிலாக, கேஸை எரித்து இரும்பைக் காய்ச்சுவதற்கு அவள் ஒன்றரை வருஷம் பாடுபட்டுச் செய்தது. அதைப் பற்றவைக்க அவளுக்கு உரிமை உண்டா என்பதுதான் வழக்கு. முந்தின நாள் அதில் தோற்றிருந்தாள்.

நான் அப்போது ஊரில் இல்லை. ராணுவ ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக அஸ்ஸாம், கல்கத்தா, பம்பாய் என்று சுற்றிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபின் சாலம்மாளும் நாச்சிமுத்துவும் சொன்னதைக் கேட்டு இதை எழுதுகிறேன். இருவர் சொன்னதும் ஒத்துப்போகாத இடங்களில் சாலம்மாள் சொன்னதையே எடுத்துக்கொண்டேன்.

ஓமலூர்ப் பக்கத்தில் ஒரு கொல்லர் வீட்டில் பிறந்தவள் அவள். பதினாலு வயதில் ராசிபுரம் சடையன் ஆசாரிக்கு வாழ்க்கைப்பட்டாள். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருஷம் அவர் குறடு பிடிக்க, அவள் துருத்தி இழுத்தாள். அவர் சுத்தியால் இடம் காட்ட, அவள் சம்மட்டி போட்டாள். இரும்பு என்ன நிறத்தில் இருக்கும்போது வளையும், என்ன நிறத்தில் ஒட்டும், எந்த நிறத்தைத் தாண்டினால் கெட்டுப்போகும் என்பது அவருக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு அவளுக்கும் தெரியும். நாச்சிமுத்துவைக் கேட்டால், ஒரு படி கூடவே தெரியும் என்பார்.

1942இல், ஆவணி மாதத்தில், காய்ச்சலில் ஒன்பது நாள் கிடந்து சடையன் ஆசாரி செத்துப்போனார். ஆண் வாரிசு இல்லை. ஒரே மகள் சின்னாயியைச் சேலத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

புருஷன் போன பெண் உலையில் நெருப்பு வைக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். சம்மட்டி அடிக்கலாம், துருத்தி இழுக்கலாம், செய்த சாமானை விற்கலாம். காலையில் முதல் நெருப்பை மட்டும் அந்த வம்சத்து ஆணின் கைதான் வைக்க வேண்டும். சாலம்மாள் அதை எதிர்க்கவில்லை. கொழுந்தன் அங்கமுத்து, ஊரின் கீழ்க்கோடியில் தனிப் பட்டறை வைத்திருந்தவர், தினமும் வந்து நெருப்பு வைத்துவிட்டுப் போவதாக ஏற்றுக்கொண்டார். முதல் மாதம் விடியற்காலையில் வந்தார். இரண்டாம் மாதம் எட்டு மணிக்கு வந்தார். கார்த்திகை பிறந்தபோது பத்து மணிக்கு, சில நாள் வரவேயில்லை.

ஏர் கட்டுகிற பருவத்தில் உழவர்கள் தேய்ந்த கலப்பைக் கொழுவைக் கொண்டுவந்து, தட்டி வாங்கிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் காட்டுக்குப் போக வேண்டும். மேற்குக் காட்டு ஆராயி ஒருநாள் கொழுவை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குந்தியிருந்தாள்.

"ஏனுங்க சாலம்மாக்கா, உங்க கொழுந்தனாரு வந்து நெருப்பு வெக்கறதுக்குள்ள எங்க காட்டு ஈரம் காஞ்சு போயிருமுங்க."

"வந்துருவாருங்க. வாராரு."

"வாராரு வாராருன்னு ஐப்பசி மழையே வந்துட்டுப் போயிருச்சு! பத்தடி தூரத்துல இருக்குது தீப்பெட்டி. ஒரு குச்சியக் கிழிச்சா ஆச்சு. யாரு பாக்கறாங்க?"

"உலை பாக்குமில்லீங்க" என்றாள் சாலம்மாள்.

ஆராயி எழுந்து போனாள். எங்கே போனாள் என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கமுத்துவின் பட்டறையில் நெருப்பு எப்போதும் நேரத்துக்கு எரிந்தது.

கரிக்கும் அப்போது தட்டுப்பாடு. சுடுகிற கரியையெல்லாம் பஸ்கள் தின்றன. பட்டறைக்கு எதிரேதான் பஸ் நிற்கும். கேஸ் சேர்ந்துவிட்டதா என்று பார்க்க நாச்சிமுத்து பீப்பாயின் பக்கத்தில் ஒரு சின்னக் குழாயைத் திறந்து தீக்குச்சியைக் காட்டுவார். கேஸ் சேர்ந்திருந்தால் அதன் வாயில் நீலமாக ஒரு நாக்கு நின்று எரியும். சாலம்மாள் அங்கமுத்துவுக்காகக் காத்திருந்த காலைகளில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கரி ஓர் இடத்தில் புகைகிறது, நெருப்பு வேறோர் இடத்தில் எரிகிறது. அப்படியானால் அது உலை இல்லை. உலை என்றால் கரியும் நெருப்பும் ஒரே குழியில் இருக்க வேண்டும். குழியில்லாத நெருப்புக்கு வழக்கம் என்ன சொல்கிறது? ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது அந்தச் சந்துதான்.

கம்பெனி ஓட்டை என்று தள்ளிய ஒரு பீப்பாயை நாச்சிமுத்து கொடுத்தார். கரியும் அவள் கேட்கவில்லை. பஸ்காரர்கள் கரியைச் சலித்துக் கட்டியை எடுத்துக்கொண்டு தூளைச் சாக்கடையில் கொட்டுவார்கள். தூள் போட்டால் பீப்பாய் அடைத்துக்கொள்ளும். சாலம்மாள் அந்தத் தூளைச் சாணியோடு பிசைந்து, எலுமிச்சம்பழ அளவு உருண்டை பிடித்து வெயிலில் காயவைத்தாள். உருண்டைக்கு உருண்டை சந்து இருந்ததால் காற்று புகுந்து போயிற்று. துருத்திக் காற்றை இரண்டாகப் பிரித்தாள். ஒரு பங்கு பீப்பாயின் அடிக்கு, கரியைப் புகைய வைக்க. இன்னொரு பங்கு நேரே மூக்குக்கு, வருகிற கேஸை எரிய வைக்க.

முதல் மூக்கு வெறும் குழாய். தீ ஒரு முழத்துக்கு மஞ்சளாக, சோம்பலாக நீண்டது. இரும்பு கறுத்ததே தவிரச் சிவக்கவில்லை. அடுத்ததாகக் குழாய் வாயைச் சுருக்கிப் பார்த்தாள். தீ வாயை விட்டு நாலு விரல் தள்ளிப் போய் நின்று, படபடத்து அணைந்தது.

நாச்சிமுத்து சிரித்தார். "தீக்கு உங்க மூக்கப் புடிக்கலீங்க அக்கா. எட்ட நின்னு பாத்துட்டுப் போயிருச்சு."

"பொண்ணு பாக்க வந்தவனாட்டவா?"

"ஆமாங்க. காப்பி கூடக் குடிக்கல."

அவள் இரண்டு தடவை துருத்தி அருகிலேயே மயங்கி விழுந்திருக்கிறாள். விரதத்தால் வந்த கிறக்கம் என்று நினைத்துக்கொண்டாளாம். அந்தக் கேஸ் ஆளைக் கொல்லும் விஷம். நிறமில்லை, வாசனையில்லை. பஸ் கிளீனர்கள் அப்படி விழுவதைப் பார்த்திருந்த நாச்சிமுத்து சொன்ன பிறகு, பட்டறையின் மேற்குத் தட்டியைப் பிரித்துப் போட்டாள்.

கேஸும் காற்றும் கலக்கவில்லை என்பதுதான் குறை என்று அவளுக்கு எப்படியோ பிடிபட்டது. எப்படி என்று கேட்டேன். "கூழு காச்சறப்ப மாவக் கரைச்சு நேராத் தொளாவுனா கட்டி உழுகும். சுத்தித் தொளாவோணும்" என்றாள். வண்டிச் சக்கரத்துக் குடத்தில் போடுகிற இரும்பு வளையம் ஒன்றை எடுத்து, சுற்றி ஏழு துளை போட்டாள். நேர்த் துளை அல்ல. ஒவ்வொன்றும் ஒரே பக்கமாகச் சாய்ந்த துளை. அதன் வழியே போன காற்று சுழன்றுகொண்டு போய்க் கேஸோடு சேர்ந்தது. தீ குட்டையாயிற்று, நீலமாயிற்று, வாயை விட்டு நகராமல் நின்றது. கொழு சிவந்தது.

சிவந்தால் போதாது. இரும்புக் கொழுவின் முனையில் எஃகு வைத்து ஒட்ட வேண்டுமானால் வெள்ளைச் சூடு வேண்டும். அது மார்கழிக் காலைகளில் வரவேயில்லை. உச்சிப் பொழுதில் ஓரளவு வந்தது. குளிர்ந்த காற்று தீயின் சூட்டைத் தின்றுவிடுகிறது என்று கண்டுகொண்டாள். காற்றுக் குழாயைச் செங்கல் சுவருக்குள் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டாள். தீ சுவரைச் சுடுகிறது. சுவர் காற்றைச் சுடுகிறது. சுட்ட காற்று வந்து தீயைச் சேர்கிறது. வீணாகப் போன சூட்டைத் திருப்பி வேலைக்கு அழைத்தாள், அவ்வளவுதான். ஒரு கொழுவுக்கு மூன்று படி கரி தின்ற இடத்தில் சாக்கடைக்குப் போகிற தூளில் ஐந்து உருண்டை போதுமானதாக இருந்தது.

இதற்குள் ஒரு பஞ்சாயத்து நடந்து முடிந்திருந்தது. இரும்பு இன்னும் சரியாகச் சிவக்காத நாட்களிலேயே, அண்ணி தன் கையால் நெருப்பு வைக்கிறாள் என்று அங்கமுத்து புகார் சொன்னார். காமாட்சியம்மன் கோயிலில் கூடுகிற ஆசாரிமார்கள் நாலு பேர், மூத்தவர் பச்சமுத்து ஆசாரி தலைமையில் பார்க்க வந்தார்கள். சாலம்மாள் மூக்கை மேலே பார்க்கத் திருப்பி, மூன்று கல் வைத்து, அதன்மேல் சோற்றுப் பானையை ஏற்றியிருந்தாள்.

"இது உலையா அம்மிணி?" என்று கேட்டார் பச்சமுத்து ஆசாரி.

"அடுப்புங்க சாமி. பாருங்க, சோறு கொதிக்குது. இருந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க."

"குறடு எதுக்கு பக்கத்துல கெடக்குது?"

"பானை எறக்கறதுக்குங்க."

கிழவர்கள் சிரித்துவிட்டார்கள். "அட, பொம்பள அடுப்புப் பத்த வெக்கறதுக்குமாடா பஞ்சாயத்துக் கூட்டுவ?" என்று அங்கமுத்துவைத்தான் கேட்டார்கள். அன்றிலிருந்து அதற்கு 'சாலம்மா அடுப்பு' என்று பெயர். அவளும் ஒரு பானையை எப்போதும் கைக்கெட்டுகிற இடத்தில் வைத்திருந்தாள். அதற்குப் பிறகு வந்த ஒன்றரை வருஷம்தான் அவள் வாழ்க்கையில் காலையில் யாருக்காகவும் காத்திருக்காத காலம்.

அடுப்பு சுமாராக எரிந்த வரைக்கும் ஒருவருக்கும் தொந்தரவில்லை. 1944 சித்திரையில் வெள்ளைச் சூடு வந்தது. அதன்பின் ஆட்டையாம்பட்டியிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். அங்கமுத்துவுக்குக் கரி கிடைக்கவில்லை. வாரத்தில் நாலு நாள் அவர் உலை ஆறிக் கிடந்தது. அவர் பிழைப்பும் போய்க்கொண்டிருந்தது என்பதை நான் மறைக்கவில்லை. ஒருநாள் வந்து கேட்டுப் பார்த்தார்.

"அண்ணி, எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க."

"செய்யறேன் தம்பி. ஆனா அதுக்கு அடுப்புன்னுதான் பேரு. உங்க கூட்டத்துல வந்து நீங்களும் அப்பிடித்தான் சொல்லோணும்."

"கொல்லன் போய் அடுப்புல கொழுத் தட்டறேன்னு சொல்றதுங்களா? சிரிப்பாங்க."

"என்னைச் சிரிச்சாங்களே, நாஞ் சாகலையே."

அவர் திரும்பிப் போனார்.

அந்த வருஷம் புரட்டாசி அமாவாசை ஞாயிற்றுக்கிழமை. ஆராயி களைக்கொத்தை எடுத்துக்கொண்டு வந்து, சாலம்மாள் பட்டறை அடைத்திருப்பதைப் பார்த்து, அங்கமுத்துவின் வாசலுக்குப் போய் நின்றிருக்கிறாள். அவரும் அடைத்திருந்தார். அமாவாசைக்குக் கொல்லர்கள் இரும்பைத் தொட மாட்டார்கள், உலைக்கு ஓய்வு.

"நல்ல ஆளுங்க போங்க. நீங்களும் லீவு, உங்க அண்ணியும் லீவு. அமாவாசைன்னா ரெண்டு பேருக்கும் ஒரே ஒத்துமைதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள் ஆராயி. அவள் கேலியாகத்தான் சொன்னாள்.

ஒரு மணி நேரத்துக்குள் அங்கமுத்து பச்சமுத்து ஆசாரியையும் மற்ற மூவரையும் கூட்டிக்கொண்டு சாலம்மாள் பட்டறைக்கு வந்தார். மூக்கு குளிர்ந்து கிடந்தது. கூட்டிப் பெருக்கி, கழுவி, மஞ்சள் தெளித்திருந்தது.

"அடுப்பு ஏனுங்க அண்ணி எரியல?" என்றார் அங்கமுத்து. "அமாவாசையும் அதுவுமா எல்லாரு ஊட்டுலயும் ரெண்டு காய் சேத்துக் கொதிக்குது. உங்க ஊட்டுல சோறாக்கலீங்களா?"

அவள் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். உடம்பு சரியில்லை என்றிருக்கலாம். உருண்டை காயவில்லை என்றிருக்கலாம். பொய் சொல்லத் தெரியாதவளும் அல்ல. பானையை வைத்து நாலு கிழவர்களை ஏமாற்றியவள்தான். ஆனால் அந்தக் கேள்வியே அவளுக்கு அபசாரமாகப் பட்டது. யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

"அமாவாசைக்குப் போயி யாராச்சும் இதப் பத்த வெப்பாங்களா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. பச்சமுத்து ஆசாரி குனிந்து மூக்கைத் தொட்டுப் பார்த்தார். ஏழு துளையையும் விரலால் தடவினார். செங்கல் சுவருக்குள் போகிற குழாயை எங்கே புகுந்து எங்கே வருகிறது என்று சுற்றிப் பார்த்தார்.

"எத்தன அமாவாசையா இப்பிடி அடைக்கற அம்மிணி?"

"மொத நாள்லருந்துங்க சாமி."

"அப்ப உனக்கே தெரிஞ்சிருக்குது." அவர் நிமிர்ந்தார். "உன் கைவேலையக் கொறை சொல்ல வரல. இத்தன நல்ல உலைய எங்கப்பங் காலத்துலயும் நாம் பாத்ததில்ல. அதனாலதாஞ் சொல்றேன். இது உலை. உலைக்கு உண்டான மொறை இதுக்கும் உண்டு."

தீர்ப்பு அவ்வளவுதான். உலை என்றால் அது வம்சத்துச் சொத்து. நாளைக் காலையிலிருந்து அங்கமுத்து நெருப்பு வைப்பார், அங்கமுத்து வேலை செய்வார்.

"நீங்க எங்கயும் போக வேண்டாமுங்க அண்ணி" என்றார் அங்கமுத்து. மனசாரத்தான் சொன்னார் என்கிறார் நாச்சிமுத்து. "துருத்தி எப்பவும் போல உங்களுதுதான்."

மோசமாகச் செய்திருந்தால் அது அவளுடையதாகவே இருந்திருக்கும். நன்றாகச் செய்ததால் போயிற்று. நான் பார்த்த எத்தனையோ ஊர்களில், ஆஸ்பத்திரிகளில், அலுவலகங்களில், பெண்கள் செய்த காரியங்களுக்கு இதே தீர்ப்புத்தான். அங்கெல்லாம் இவ்வளவு மரியாதையாகச் சொல்ல மாட்டார்கள்.

சேலத்தில் மகள் வீட்டில் ஒண்டிக்கொண்டு, செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். யுத்தம் முடிந்து வந்தபின் தினமும் அங்கே சாப்பிடப் போனபோதுதான் நான் அவளைப் பார்த்தேன். விறகு அடுப்புகள் ஐந்து. காலை நாலு மணிக்கு ஐந்தையும் அவள்தான் பற்றவைப்பாள். யாரும் தடுக்கவில்லை.

"அன்னிக்கு ஒருநாள் மட்டும் ஒரு பானையை ஏத்தி வெச்சிருக்கக் கூடாதா?" என்று நான் ஒருமுறை எரிச்சலோடு கேட்டேன். "ஒரு படி அரிசியில் எல்லாம் காப்பாத்தியிருக்கலாமே."

"அது மூச்சு வாங்கோணுமில்ல கண்ணு" என்றாள். "மாசம் பூராவும் எரியுது. ஒருநாளாச்சும் உடோணும்."

இந்தக் கடைக்கே அப்படி ஒன்று செய்து கொடுக்கலாமே, விறகு மிச்சமாகுமே என்றேன். "எதுக்கு? பேர மாத்தறதுக்கு எல்லா ஊர்லயும் ஆளுக இருக்கறாங்க" என்று சொல்லிவிட்டு, சோறு வடிக்கப் போய்விட்டாள்.

ராசிபுரத்தில் அதற்கு இப்போது 'அங்கமுத்து உலை' என்று பெயர். அதைப் பார்த்து ஓமலூரில் ஒன்றும் ஆட்டையாம்பட்டியில் இரண்டும் செய்திருக்கிறார்கள் என்று நாச்சிமுத்து சொன்னார். எதுவும் வெள்ளைச் சூட்டுக்கு வரவில்லையாம். யுத்தம் முடிந்து பெட்ரோல் வந்தது. பஸ்களின் முதுகிலிருந்து பீப்பாய்களைக் கழற்றிப் போட்டார்கள். சுதந்திரமும் வந்தது. சாலம்மாளை யாரும் தேடவில்லை.

1948 மாசி மாதம், சின்னாயி வீட்டு விலாசத்துக்கு ஒரு கார்டு வந்தது. அந்த வீட்டில் எழுத்துத் தெரிந்தவர்கள் இல்லாததால் கடைக்கு எடுத்துவந்து என்னிடம் கொடுத்தாள் சாலம்மாள். கையில் மாவு. "படி கண்ணு" என்றாள். படித்தேன்.

"ராசிபுரம், மாசி 12. அண்ணி அவர்களுக்கு அங்கமுத்து எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் க்ஷேமம். அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும். நமது உலையைப் பற்றிக் கேள்விப்பட்டு ஜில்லா கைத்தொழில் அதிகாரி ஒருவர் வருகிற வெள்ளிக்கிழமை பார்வையிட வருகிறார். கொஞ்ச நாளாகத் தீ மஞ்சளாகவே எரிகிறது. பல பேரைக் கொண்டு பார்த்தும் சரிவரவில்லை. பச்சமுத்து பெரியப்பாவும் தங்களைத்தான் அழைக்கச் சொல்கிறார். தயவுசெய்து வியாழக்கிழமையே வந்து மூக்கைச் சரிசெய்து கொடுக்கவும். பஸ் சார்ஜ் இங்கே கொடுத்துவிடுகிறேன். தங்களுக்குச் சிரமம் ஒன்றும் இராது. பக்கத்தில் இருந்து சொன்னால் போதும். பற்றவைக்க நாங்கள் இருக்கிறோம்."